பூச்சியத்திற்குக் கீழே

பெங்களூரு நகர மாவட்டத்தின் ஆனேக்கல் வட்டத்தில், கருநாடகமும் தமிழ்நாடும் சந்திக்கும் எல்லையில் அமைந்த ஊர் அத்திபெலே. இவ்வூரைக் கடந்து சிறிது தொலைவு சென்றால் ஓசூர் வந்துவிடும். தேசிய நெடுஞ்சாலை 44 இவ்வூரின் வழியே செல்கிறது. காய்கறி, மலர், இயந்திர உறுப்புகள் எனப் பலவகைச் சரக்குகள் இரவும் பகலும் இச்சாலையில் எல்லையைக் கடக்கின்றன. பணியின் பொருட்டுத் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களும் இப்பகுதியில் வாழ்கின்றன.

இங்கு இதமான குளிர் உண்டு, உறைபனி இல்லை. பெங்களூருவில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி செல்சியஸ். அது பதிவான நாள் 1884 ஜனவரி 13. நீர் உறைய வேண்டுமானால் வெப்பநிலை 0 டிகிரிக்கு இறங்க வேண்டும். ஆதலால் அத்திபெலேயின் தெருக்களில் நீர் தானாக உறைவதில்லை.

ஆயினும் பூச்சியத்திற்குக் கீழான குளிர் இவ்வூருக்குப் புதியதன்று. கடையின் ஐஸ்கிரீம் பெட்டிக்குள் அது இருக்கிறது. நெடுஞ்சாலையில் செல்லும் குளிரூட்டப்பட்ட சரக்குந்துகளுக்குள்ளும் அது இருக்கிறது. உறைந்த மீனும் இறைச்சியும் பட்டாணியும் −18 டிகிரி அல்லது அதற்கும் கீழான குளிரில் வைக்கப்பட வேண்டும். இந்தக் குளிரைக் கண்ணால் காண இயலாது. கையால் தொட்டு அளவு கூறவும் இயலாது. அதனை அளந்து கூற ஒரு கருவி வேண்டும். அக்கருவியின் உள்ளே இருப்பது வெப்பநிலை உணரிச் சுற்று.

குளிர் தவறினால் என்ன ஆகும்?

ஐஸ்கிரீம் உருகினால் கடைக்காரருக்கு இழப்பு. மருந்து கெட்டால் இழப்பு அதனினும் பெரிது.

இளம்பிள்ளைவாதத்தைத் தடுக்கும் போலியோ சொட்டு மருந்து வெப்பத்தைத் தாங்காதது. நெடுநாள் சேமிப்பதற்காக அதனை ஏறத்தாழ −20 டிகிரியில் உறைகுளிர்ப் பெட்டிகளில் வைப்பர். அங்கிருந்து ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குச் செல்லும்போது 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிரில் வைப்பர். முகாம்களுக்குப் பனிக்கட்டிப் பொதிகள் அடுக்கிய சிறு பெட்டியில் எடுத்துச் செல்வர். இவ்வாறு தொழிற்சாலை முதல் குழந்தையின் நாவு வரை குளிர் அறுபடாமல் தொடர்வதனைக் 'குளிர்ச் சங்கிலி' என்பர்.

வேறு சில தடுப்பு மருந்துகளின் இயல்பு இதற்கு நேர்மாறானது. கல்லீரல் அழற்சி 'பி' தடுப்பூசி, ஐந்து நோய்களைத் தடுக்கும் ஐங்கூட்டுத் தடுப்பூசி ஆகியவை உறையக் கூடாதவை. உறைந்தால் அவற்றில் உள்ள அலுமினிய உப்பு திரண்டு, மருந்தின் ஆற்றல் கெடும். உருகிய பின் அம்மருந்து மீண்டும் நீர்மமாகவே தோன்றும். ஆனால் இழந்த ஆற்றல் திரும்பாது. ஆகவே ஒரு மருந்துக்குப் பூச்சியத்திற்குக் கீழே இருப்பது காப்பு. மற்றொன்றுக்கு அதுவே கேடு. இரண்டையும் காப்பதற்குப் பூச்சியத்தின் இரு பக்கங்களையும் காணும் கருவி தேவை.

பூச்சியம் எங்கே இருக்கிறது?

பூச்சியம் என்றால் ஒன்றும் இல்லை என்பது பொதுவான எண்ணம். வெப்பநிலையில் அவ்வாறன்று. 0 டிகிரியில் வெப்பம் முற்றிலும் இல்லாமற்போவதில்லை. அது நீர் உறையும் இடத்தில் மனிதர் நட்ட ஓர் எல்லைக்கல், அவ்வளவே. சுவீடன் நாட்டு அறிஞர் ஆண்டர்சு செல்சியஸ் 1742இல் தம் அளவுமுறையை முன்வைத்தபோது, நீர் கொதிக்கும் நிலையைப் பூச்சியம் என்றும் உறையும் நிலையை 100 என்றும் குறித்தார். சில ஆண்டுகளுக்குள் அது தலைகீழாக மாற்றப்பட்டது. இயற்கை மாறவில்லை; கல் நட்ட இடம் மட்டுமே மாறியது.

எல்லைக்கல்லுக்கு அப்பாலும் நிலம் உண்டு. அதுபோலப் பூச்சியத்திற்குக் கீழும் வெப்பநிலை உண்டு. அதனைக் குறை எண்களால் குறிக்கிறோம். குறை எண்களுக்கான விதிகளைக் கி.பி. 628இல் இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் தம் நூலில் வகுத்துரைத்தார். அவர் மிகை எண்ணைச் செல்வம் என்றும் குறை எண்ணைக் கடன் என்றும் கொண்டார். கடன் பெருகப் பெருக ஒருவர் வறியவராவது போல, −5ஐ விட −18 குளிர் மிகுந்தது.

உணரி பேசும் மொழி

எல்.எம்.35 என்பது மூன்று கால்களைக் கொண்ட சிறிய உணரி. கடுகுச் செடியின் காய் அளவினும் சிறிதான அதன் கரிய உடலுக்குள் ஒரு தொகுப்புச் சுற்று அமைந்துள்ளது. அதற்கு மின்கலத்திலிருந்து மின்சாரம் தந்தால், சுற்றுப்புற வெப்பநிலைக்கு ஏற்ப ஒரு மின்னழுத்தத்தை வெளியிடும். ஒவ்வொரு டிகிரிக்கும் 10 மில்லிவோல்ட் என்பது அதன் கணக்கு.

வெப்பநிலை 30 டிகிரி என்றால் வெளியீடு 300 மில்லிவோல்ட்.
வெப்பநிலை 12 டிகிரி என்றால் வெளியீடு 120 மில்லிவோல்ட்.
வெப்பநிலை 0 டிகிரி என்றால் வெளியீடும் 0.

அவ்வாறாயின் −18 டிகிரியில் வெளியீடு −180 மில்லிவோல்ட் ஆக வேண்டும். இங்கேதான் சிக்கல் எழுகிறது.

மின்சுற்றில் மின்கலத்தின் எதிர்முனையைத் 'தரை' என்று வழங்குவர். ஏனைய மின்னழுத்தங்கள் யாவும் அதிலிருந்தே அளக்கப்படும். ஒரே ஒரு மின்கலம் உள்ள எளிய சுற்றில் தரைக்குக் கீழே எந்த மின்னழுத்தமும் இல்லை. நிலத்தடித் தளம் இல்லாத அடுக்குமாடிக் கட்டடத்தில் மின்தூக்கி தரைத்தளத்தோடு நின்றுவிடுவது போல, உணரியின் வெளியீடும் பூச்சியத்தை ஒட்டியே நின்றுவிடும். உணரியைத் தயாரிப்போர் தரும் குறிப்பேட்டில், இந்த எளிய இணைப்பு +2 டிகிரிக்கு மேல் மட்டுமே அளக்கும் என்று குறிக்கப்பட்டுள்ளது.

இது சிறு குறையாகத் தோன்றலாம். ஆனால் இத்தகைய சுற்று ஒன்றை −20 டிகிரிப் பெட்டியில் வைப்பதாகக் கொள்வோம். அது பூச்சியத்தை ஒட்டிய ஓர் எண்ணைக் காட்டும். இரவில் மின்சாரம் நின்று, பெட்டியின் வெப்பநிலை −3 டிகிரி வரை உயர்ந்தாலும் அது அதே எண்ணையே காட்டும். உறையக் கூடாத மருந்துள்ள பெட்டி −4 டிகிரிக்கு இறங்கினாலும் அந்த எண் மாறாது. நேற்றும் இன்றும் ஒரே எண்ணைக் காண்பவர் யாவும் நலமே என்று எண்ணிவிடுவார். ஓடாத கருவி தன் பழுதை எளிதில் காட்டிவிடும். பொய் எண் காட்டும் கருவி நம்பிக்கையைத் தந்து ஏமாற்றும்.

உணரிக்கு ஒரு திண்ணை

இச்சிக்கலைத் தீர்க்கும் வழி எளியது. தரையைத் தோண்ட இயலாதெனில் வீட்டை உயர்த்திக் கட்டலாம். சிற்றூர்களில் வீட்டின் முன் திண்ணை இருக்கும். திண்ணையில் அமர்ந்தவர் காலைக் கீழே தொங்கவிடலாம்; தரையில் அமர்ந்தவருக்கு அது இயலாது. உணரியையும் அவ்வாறே ஒரு திண்ணையின் மேல் அமர்த்த வேண்டும். அத்திண்ணையாக அமைபவை இரண்டு டையோடுகள்.

டையோடு என்பது மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் செல்லவிடும் உறுப்பு. மின்னோட்டம் அதன் வழியே செல்லும்போது ஏறத்தாழ அரை வோல்ட் மின்னழுத்தம் அதன் இரு முனைகளுக்கும் இடையே நிலைக்கும். இரண்டு டையோடுகளை அடுத்தடுத்து இணைத்தால் ஏறத்தாழ ஒரு வோல்ட் உயரம் கிடைக்கும். அதன் மேல் நிற்கும் உணரியின் வெளியீடு, தன் காலுக்குக் கீழே 180 மில்லிவோல்ட் இறங்கினாலும் மின்கலத்தின் தரைக்கு மேலேயே இருக்கும்.

தேவையான பொருள்கள்: எல்.எம்.35 சி.இசட். உணரி ஒன்று, 1 என் 4148 டையோடுகள் இரண்டு, 18 கிலோ ஓம் மின்தடையம் ஒன்று, 9 வோல்ட் மின்கலம் ஒன்று, பிரெட்போர்டு, இணைப்புக் கம்பிகள், மல்டிமீட்டர். பெங்களூருவின் சதர் பத்ரப்பா சாலையிலும் சென்னையின் ரிச்சி தெருவிலும் உள்ள மின்னணுக் கடைகளில் இத்தகைய உறுப்புகள் கிடைக்கும். உணரியை வாங்கும்போது அதன் பெயரின் ஈற்றெழுத்தைக் காண்பது இன்றியமையாதது. 'டி' வகை 0 முதல் 100 டிகிரி வரைக்கே உறுதியளிக்கப்பட்டது. 'சி' வகை −40 டிகிரி வரை அளக்க வல்லது.

இணைக்கும் முறை:

1. உணரியின் தட்டையான முகம் தம்மை நோக்கியும் கால்கள் கீழ்நோக்கியும் இருக்குமாறு பிடிக்க வேண்டும். இடக்கால் மின்சாரம் பெறும் கால், நடுக்கால் வெளியீடு, வலக்கால் உணரியின் தரைக்கால்.
2. மின்கலத்தின் நேர்முனையை இடக்காலுடன் இணைக்க வேண்டும்.
3. வலக்காலிலிருந்து இரண்டு டையோடுகளை ஒன்றன்பின் ஒன்றாக மின்கலத்தின் எதிர்முனை வரை இணைக்க வேண்டும். ஒவ்வொரு டையோடிலும் கோடு இட்ட முனை மின்கலத்தின் எதிர்முனைப் பக்கம் இருக்க வேண்டும்.
4. நடுக்காலிலிருந்து மின்கலத்தின் எதிர்முனைக்கு 18 கிலோ ஓம் மின்தடையத்தை இணைக்க வேண்டும். பழுப்பு, சாம்பல், ஆரஞ்சு ஆகிய முதல் மூன்று வண்ணப் பட்டைகளால் அதனை அறியலாம்.
5. மல்டிமீட்டரை 2000 மில்லிவோல்ட் நேர்மின் அளவில் வைக்க வேண்டும். அதன் சிவப்பு முனையை நடுக்காலிலும் கறுப்பு முனையை வலக்காலிலும் வைக்க வேண்டும்.

ஐந்தாம் படியில் தவறு நேர்வது எளிது. கறுப்பு முனையை வழக்கம்போல் மின்கலத்தின் எதிர்முனையில் வைத்தால், திண்ணையின் உயரமும் அளவுடன் சேர்ந்துவிடும். திண்ணையில் அமர்ந்தவரின் உயரத்தை அளக்கத் திண்ணையிலிருந்தே அளக்க வேண்டும், தெருவிலிருந்து அளக்கலாகாது.

மின்தடையத்தின் பணி யாது? எல்.எம்.35 தன் வெளியீட்டை மேலே உயர்த்த வல்லது. கீழே இழுக்க வல்லதன்று. அந்த இழுக்கும் பணியை மின்தடையம் செய்கிறது. அது இல்லையெனில், திண்ணை இருந்தும் கால் கீழே தொங்காது.

இப்போது மல்டிமீட்டர் காட்டும் எண்ணைப் பத்தால் வகுத்தால் வெப்பநிலை கிடைக்கும். 264 என்றால் 26.4 டிகிரி. −180 என்றால் −18 டிகிரி.

திண்ணையுடன் பிறந்த உணரி

டி.எம்.பி.36 என்னும் மற்றோர் உணரியில் இந்த உயரம் உள்ளேயே அமைந்துள்ளது. அது 0 டிகிரியில் 500 மில்லிவோல்ட் வெளியிடும். அதன் பின் ஒவ்வொரு டிகிரிக்கும் 10 மில்லிவோல்ட் கூடும் அல்லது குறையும். 25 டிகிரியில் 750 மில்லிவோல்ட். −18 டிகிரியில் 320 மில்லிவோல்ட். −40 டிகிரி வரை இதனால் அளக்க இயலும். வெளியீட்டிலிருந்து 500ஐக் கழித்துப் பத்தால் வகுத்தால் வெப்பநிலை கிடைக்கும். ஆனால் இதற்கு 5.5 வோல்ட்டுக்கு மேல் தரலாகாது. 1.5 வோல்ட் மின்கலங்கள் மூன்று போதும்.

எண் வடிவிலேயே விடை தரும் உணரிகளும் உண்டு. டி.எஸ்.18பி20 அவற்றுள் ஒன்று. அது −55 முதல் 125 டிகிரி வரை அளக்கும். அதிலும் பூச்சியத்தின் சிக்கல் வேறு உருவில் வரும். அது அனுப்பும் எண்ணின் முதல் இலக்கம் மிகையா குறையா என்பதைக் குறிக்கும். நிரல் எழுதுபவர் அக்குறியைக் கவனியாது விட்டால், பூச்சியத்திற்கு மயிரிழை கீழே உள்ள குளிரையும் 4095 டிகிரி என்று திரை காட்டும். சுற்றானாலும் நிரலானாலும், பூச்சியத்திற்குக் கீழே இடம் ஒதுக்க வேண்டியவர் அதனை அமைப்பவரே.

சோதித்து அறிதல்

கட்டி முடித்த சுற்றை உடனே நம்பிவிடலாகாது. தெரிந்த இரண்டு குளிர்நிலைகளில் அதனைச் சோதிக்க வேண்டும். உணரியின் கால்களில் நீர் படாதவாறு, வெப்பத்தால் சுருங்கும் உறையையோ சிறு பலூனையோ அணிவிக்க வேண்டும்.

முதற் சோதனைக்கு ஒரு குவளையில் நொறுக்கிய பனிக்கட்டியை நிறைத்துச் சிறிது நீர் ஊற்ற வேண்டும். பனிக்கட்டியும் நீரும் கலந்திருக்கும் வரை அக்கலவை 0 டிகிரியிலேயே நிற்கும். சில நிமிடங்கள் கழித்து மல்டிமீட்டர் 0ஐ ஒட்டிய அளவைக் காட்ட வேண்டும். அது 6 என்று காட்டினால், கருவி 0.6 டிகிரி கூடுதலாகக் காட்டுகிறது எனக் குறித்துக்கொண்டு, பின்வரும் அளவுகளில் அதனைக் கழிக்கலாம்.

இரண்டாம் சோதனைக்கு மூன்று பங்கு நொறுக்கிய பனிக்கட்டியுடன் ஒரு பங்கு உப்பைக் கலக்க வேண்டும். உப்பு பனிக்கட்டியை உருக்கும். உருகும் பனிக்கட்டி தன்னைச் சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சும். கலவையின் குளிர் மிகும். உப்பும் பனிக்கட்டியும் சேர்ந்து எட்டக்கூடிய எல்லை ஏறத்தாழ −21 டிகிரி. குவளையில் செய்யும்போது அந்த அளவை எட்டாவிடினும், பூச்சியத்திற்குப் பல டிகிரி கீழே செல்வது உறுதி. குல்பி விற்பவர் தம் பானையில் பனிக்கட்டியுடன் உப்பு இடுவதும் இதனாலேயே. ஜெர்மானிய அறிஞர் ஃபாரன்ஹீட் தம் அளவுமுறையின் பூச்சியத்தைக் குறிக்கப் பயன்படுத்தியதும் பனிக்கட்டியும் நவச்சாரமும் கலந்த இத்தகைய ஒரு கலவையையே.

மல்டிமீட்டரில் எண்ணின் முன்னே ஒரு சிறு கோடு தோன்றும்போது சோதனை வெற்றி பெறுகிறது. அந்தச் சிறு கோட்டிற்காகவே இரண்டு டையோடுகளும் ஒரு மின்தடையமும் தேவைப்பட்டன. சோதனையின்போது உப்புக் கலவையை வெறுங்கையால் தொடலாகாது. அது தோலைப் புண்ணாக்கும்.

எல்லையைக் கடக்கும் குளிர்

இந்தியாவில் இளம்பிள்ளைவாதத்தின் கடைசி இயல்புவகைத் தொற்று 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் பதிவாயிற்று. 2014 மார்ச் 27 அன்று இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசிய மண்டலம் போலியோ அற்றது என உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது. இந்த வெற்றிக்குப் பின்னே மருத்துவரும் செவிலியரும் தன்னார்வலரும் இருந்தனர். கண்ணுக்குத் தெரியாத குளிர்ச் சங்கிலியும் இருந்தது.

2015இல் தொடங்கப்பட்ட 'ஈவின்' என்னும் மின்னணு வலையமைப்பின் வழியே, தடுப்பு மருந்துப் பெட்டிகளின் வெப்பநிலை உணரிகளால் பதிவு செய்யப்பட்டுக் கைப்பேசி வலை மூலம் கணினிக்கு அனுப்பப்படுகிறது. குளிர் கூடினாலும் குறைந்தாலும் பொறுப்பாளருக்கு எச்சரிக்கை செல்கிறது.

சொட்டு மருந்து நாள்களில் பேருந்து நிலையங்களிலும் இரயில் நிலையங்களிலும் பயணம் செய்யும் குழந்தைகளுக்காக முகாம்கள் அமைக்கப்படுகின்றன. ஊர் விட்டு ஊர் செல்லும் குடும்பத்தின் குழந்தையும் விடுபடலாகாது என்பதே அதன் நோக்கம். அக்குழந்தையின் நாவில் விழும் இரண்டு சொட்டுகள் ஆற்றல் உள்ளவையா என்பதனைத் தாய் அறியாள். மருந்தைத் தருபவரும் நாவால் சுவைத்து அறிய இயலாது. முன்னரே எங்கோ ஒரு பெட்டிக்குள், ஓர் உணரி பூச்சியத்திற்குக் கீழே உண்மையைக் கூறியிருந்தால் மட்டுமே அந்தச் சொட்டுகளை நம்ப இயலும்.

சொல்லும் பொருளும்

உணரி – வெப்பம், ஒளி போன்றவற்றை உணர்ந்து குறிப்பாக வெளியிடும் கருவி
தொகுப்புச் சுற்று – பல மின் உறுப்புகளை ஒரே சில்லில் அடக்கிய சுற்று
மின்தடையம் – மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் உறுப்பு
நீர்மம் – நீர் போன்று ஓடும் பொருள்
நவச்சாரம் – ஒருவகை உப்பு
இன்றியமையாதது – இல்லாமல் முடியாதது

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. குளிர்ச் சங்கிலி என்பது யாது?
2. 0 டிகிரி செல்சியஸ் ஏன் 'எல்லைக்கல்' எனப்படுகிறது?
3. ஓடாத கருவியை விடப் பொய் எண் காட்டும் கருவி ஏன் தீங்கானது?
4. டையோடுகள் திண்ணைக்கு ஏன் ஒப்பிடப்படுகின்றன?

ஆ. கணக்கிட்டு எழுதுக.
1. எல்.எம்.35 உணரிச் சுற்று −70 மில்லிவோல்ட் காட்டினால் வெப்பநிலை என்ன?
2. டி.எம்.பி.36 உணரி 430 மில்லிவோல்ட் காட்டினால் வெப்பநிலை என்ன?
3. −20, 8, −3, 0, −18 ஆகியவற்றைக் குளிர் மிகுந்ததிலிருந்து குறைந்தது வரை வரிசைப்படுத்துக.

இ. பிரித்து எழுதுக.
வெப்பநிலை, மின்னழுத்தம், பனிக்கட்டி, எல்லைக்கல், நிலத்தடி

ஈ. எதிர்ச்சொல் எழுதுக.
மிகை, உயரும், உறையும், மெய், நேர்முனை

உ. பேசி மகிழ்க.
வீட்டில் உள்ள முதியவரிடம், அவர்தம் சொந்த ஊரில் குளிர்பதனப் பெட்டி இல்லாத நாளில் பாலையும் மீனையும் கெடாமல் காத்த முறையைக் கேட்டறிந்து, ஐந்து தொடர்களில் வகுப்பில் கூறுக.